கறுப்பு வெள்ளையில் ஒரு கிழவி

போன வருடம் எங்கள் கல்லூரியில் மாணவர்களுக்காகப் புகைப்படப் போட்டி ஒன்று வைத்தார்கள். பிரிவு, கறுப்பு வெள்ளை உருவப்படம். மூன்று நடுவர்களில் நானும் ஒருத்தி. மற்ற இருவரும் ஆண்கள், படம் எடுப்பவர்கள். எனக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது. கவிதை எழுதுகிறவளுக்குப் படம் பார்க்கத் தெரியும் என்ற நம்பிக்கையில் என்னைச் சேர்த்திருந்தார்கள். வந்த படங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வயதான பெண்ணின் முகம். ‘முதுமை’, ‘உழைப்பின் ரேகைகள்’, ‘காலம் வரைந்த கோலம்’ என்று தலைப்புகள். வயதான ஆண்களும் சிலர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒருவர் நாதஸ்வரக் கலைஞர், ஒருவர் படமெடுத்த மாணவனின் தாத்தா. அவர்களுக்கெல்லாம் படத்தின் கீழே பெயர் இருந்தது. கிழவிகள் ஒருவருக்கும் இல்லை. இதை நான் அன்று கவனிக்கவில்லை.

முதல் பரிசுக்கு மூவரும் ஒருமனதாகத் தேர்ந்தது கீரை விற்கும் ஒரு மூதாட்டியின் முகம். காலை வெயில் இடப்பக்கத்திலிருந்து தாழ்வாக விழுந்திருந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். பின்னணி முழுக்க இருட்டு. மற்ற நடுவர்கள் “டெக்ஸ்ச்சர் பாருங்க, டெக்ஸ்ச்சர்!” என்று வியந்தார்கள். மதிப்பீட்டுத் தாளில் எழுதும் பொறுப்பு எனக்கு. பக்கவாட்டு ஒளி தோலைச் செதுக்கியிருக்கிறது என்றும், காலம் இந்த முகத்தை உழுதிருக்கிறது என்றும், வலக்கண்ணில் பழைய வெள்ளியின் மங்கிய மினுக்கம் தேங்கியிருக்கிறது என்றும் எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கு என்மீதே மதிப்பு கூடியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் அந்தத் தாளைப் படத்தின் கீழே ஒட்டியிருந்தார்கள். அரங்கைப் பெருக்க வந்த அக்கா விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு அந்தப் படத்தின் முன்னால் நின்றிருந்தார். “இது எங்க தெருமுனையில கீரை விக்கிற அம்மா டீச்சர். இந்தக் கண்ணுல புரை முத்திப்போய்க் கெடக்கு. பெரியாஸ்பத்திரியில ரெண்டு தடவ நாள் குடுத்தாங்க, போகல. போனா யாரு யாவாரம் பாக்குறது?”

நான் வெள்ளி என்று எழுதியது புரை. வைத்தியம் பார்த்தால் தீரக்கூடிய ஒன்றை, வைத்தியத்துக்குப் போக ஒருநாள் ஒழியாத ஒருத்தியின் கண்ணில் பார்த்து, அழகு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய கை அது.

அதிலிருந்துதான் இந்தக் கட்டுரை. கறுப்பு வெள்ளை உருவப்படத்தில் ஒளியையும் தோலின் இழையையும் ரசிப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும். நான் சண்டை போடுவது அந்த ரசனைக்கு நாம் பழக்கிவைத்திருக்கும் மொழியோடு. ஒளி, நிழல், டெக்ஸ்ச்சர் என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவள் யார் என்ற கேள்வியைக் கேட்காமலே ஒரு படத்தைப் பற்றி ஒரு மணிநேரம் பேசிவிட முடிகிறது. அந்த வசதிதான் எனக்குப் பிரச்சினை.

டெக்ஸ்ச்சர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். முகத்துக்கு நேர் எதிரே வெளிச்சம் இருந்தால் மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும், தோல் சமதளமாகிவிடும். வெளிச்சம் பக்கத்திலிருந்து தோலை உரசிக்கொண்டு போனால் ஒவ்வொரு சின்ன மேடும் தன் நிழலைத் தானே போட்டுக்கொள்ளும். சுவரில் பூச்சு சரியாக இருக்கிறதா என்று கொத்தனார் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பாரே, அதே வித்தைதான். ஆக, சுருக்கம் முகத்தில் இருந்தாலும் அதை எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்பது படமெடுப்பவர் எடுக்கும் முடிவு. காலம் உழுதது என்று நாம் சொல்வதில் பாதி, கேமராக்காரர் உழுதது.

மீதி வேலை கணினியில் நடக்கிறது. இன்றைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பாலானவை வண்ணத்தில் எடுத்துப் பிறகு மாற்றப்பட்டவை. மாற்றும்போது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளுப்பாக அல்லது கறுப்பாக வரவேண்டும் என்று தனித்தனியே முடிவு செய்யலாம். நம் தோல் ஆரஞ்சுக்குள் அடங்கும். ஆரஞ்சைக் கூட்டினால் முகம் வெளுத்து, கரும்புள்ளிகள் கரைந்துபோகும். குறைத்தால் முகம் கறுத்து, திட்டும் தழும்பும் எழுந்து நிற்கும். லைட்ரூம் மென்பொருளில் 2019ஆம் ஆண்டு ‘டெக்ஸ்ச்சர்’ என்ற பெயரிலேயே ஒரு ஸ்லைடர் வந்தது. ஒரு பக்கம் தள்ளினால் தோல் வழவழப்பாகும், மறுபக்கம் தள்ளினால் சொரசொரப்பாகும். கல்யாண ஆல்பம் செய்கிற அதே கை, அதே கணினியில், மணப்பெண்ணுக்கு அதை இடப்பக்கம் தள்ளுகிறது. போட்டிக்கு அனுப்பும் கிழவிக்கு வலப்பக்கம் தள்ளுகிறது. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குத் தோலே இருக்கக் கூடாது. எழுபது வயதுப் பெண்ணுக்குத் தோலைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. இவை இரண்டு வேறு ரசனைகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, ஒரே ஸ்லைடரின் இரண்டு முனைகள்.

இது என் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. அம்மா இறந்தபோது மாலை போடப் படம் வேண்டுமென்று ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். இருந்தது ஒரு பழைய கல்யாண வீட்டுப் படம். அதைப் பெரிதாக்கித் தந்தார்கள். முகம் நிலா மாதிரி வெளுத்திருந்தது. வடைச்சட்டி எண்ணெய் தெறித்து மோவாயில் விழுந்த தழும்பைக் காணோம். “க்ளீன் பண்ணிக் குடுத்திருக்கேன்மா” என்றார் கடைக்காரர், அன்பாகத்தான். அந்தத் தழும்பு இல்லாத பெண்ணை எனக்கு அறிமுகமில்லை. ஆனாலும் மாலை போட்டோம், இன்றும் அதுதான் கூடத்தில் தொங்குகிறது. கொண்டாடுகிறேன் என்று சுருக்கத்தைப் பெருக்குகிறவர்களும், மரியாதை செய்கிறேன் என்று தழும்பை அழிக்கிறவர்களும் அவளிடம் கேட்கவில்லை என்பதில் ஒன்றுதான்.

இந்தக் கலையின் தொடக்க காலத்துக்கே போய்ப் பார்க்கலாம். ஜூலியா மார்கரெட் கேமரன் கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், தன் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் கொடுத்த கேமராவைக் கொண்டு படம் எடுக்கத் தொடங்கினார். பெண்ணுக்குத் தொழில் வாய்ப்புகள் குறைவாக இருந்த காலத்தில், கோழிக்கூண்டாக இருந்த கொட்டகையை ஸ்டூடியோவாக்கி, உருவப்படக் கலையையே மாற்றிப்போட்டவர். 1867இல் அவர் எடுத்த ஜான் ஹெர்ஷலின் படத்தைப் பாருங்கள். வானியலாளர், புகைப்படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போவின் குணத்தைக் கண்டறிந்தவரும் அவரே. இருட்டிலிருந்து எழும் முகம், கலைந்த வெள்ளைமுடி, கண்ணைச் சுற்றிச் சுருக்கங்கள். எங்கள் கீரைக்கார அம்மாவின் படத்தில் இருந்த எல்லாமே அதில் இருக்கின்றன. ஆனால் ஹெர்ஷலின் சுருக்கத்தை இத்தனை காலமாக எல்லோரும் அறிவு என்று வாசிக்கிறார்கள். கிழவியின் சுருக்கத்தைத் துன்பம் என்று வாசிக்கிறோம். வெளிச்சம் ஒன்றுதான். பெயரும் பாலும் வர்க்கமும் சேர்ந்துதான் சுருக்கத்துக்குப் பொருள் சொல்கின்றன.

கேமரன் ஆண்களை அவரவர் பெயரில் எடுத்தார்: டென்னிசன், கார்லைல், டார்வின். பெண்களைப் பெரும்பாலும் வேறு யாராகவோ ஆக்கினார். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் மீண்டும் மீண்டும் கன்னி மரியாளாக நின்றாள். 1875இல் கேமரன் குடும்பம் இலங்கைக்குப் போனது; கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. அங்கும் அவர் படம் எடுத்தார். 1878இல் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு, களுத்துறைக் குடியானவர்கள் சிலர் என்கிற அளவோடு நின்றுவிடுகிறது. இங்கிலாந்தில் பணிப்பெண்ணுக்கு ஒரு புனைபெயராவது கிடைத்தது. இங்கே அதுவும் இல்லை. ஊரும் தொழில்வகையும் மட்டும். அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் காப்பி பறித்தவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மன்னார் வழியாக நடந்தே போனவர்கள். கேமரனின் இலங்கைப் படங்களில் இருக்கும் முகங்களுக்குப் பேத்திகள் இன்று தேடிப்போனாலும், பிடித்துக்கொள்ள ஒரு பெயர் கிடையாது. வெளிச்சம் மட்டும் பிரமாதமாக இருக்கும்.

கேமரன் பயன்படுத்திய ஈரக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். சிவப்பு அவற்றுக்குக் கிட்டத்தட்டக் கறுப்பு. எனவே மாநிறத் தோல் இருந்ததைவிடக் கறுப்பாகப் பதிந்தது. பழைய படங்களில் நம் மூதாதையர் முகங்களைப் பார்த்து “அந்தக் காலத்து டோனே தனி” என்று ரசிக்கிறோம். அந்த டோனில் ஒரு பங்கு, நம் நிறத்தைக் காணத் தெரியாத ரசாயனம்.

“படமெடுப்பவர் பெண்ணாக இருந்தால் பார்வை மாறாதா?” என்று வகுப்பில் மாணவிகள் கேட்பார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் கேமரன் பெண். கிழவியின் புரையை வெள்ளி என்று எழுதிய நானும் பெண். டோரதியா லாங்கும் பெண்.

1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் லாங் எடுத்த படம் உலகத்துக்கே தெரியும். கூடாரத்தில் ஒரு தாய், இரு தோள்களிலும் முகம் புதைத்த குழந்தைகள், கன்னத்தருகே கை. நெற்றிக் கோடுகளையும் சட்டைக் கையின் நைந்த இழையையும் காட்டி இன்றும் பாடம் நடத்துகிறார்கள். அவருக்கு அப்போது வயது 32. லாங் பெயரைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று பின்னால் அவரே எழுதியிருக்கிறார். பத்து நிமிட வேலை. பிறகு, ஓரத்தில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் படத்தின் அமைதியைக் கெடுக்கிறது என்று நெகட்டிவில் அதை மங்கச் செய்தார்கள். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: படம் பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது. ஆனால் அதற்குள் அந்தக் குடும்பம் வேறு வேலை தேடிப் போய்விட்டிருந்தது.

அந்தத் தாயின் பெயர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகம் தெரிந்துகொள்ள 1978 வரை ஆயிற்று. செரோக்கி பழங்குடிப் பெண். 42 ஆண்டுகள் அவர் முகம் தபால்தலை வரைக்கும் போகத் தகுதியான முகமாக வளர்ந்துகொண்டிருக்க, அவர் பெயர் தெரியாதவராகவே வாழ்ந்துகொண்டிருந்தார். படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, தன் பெயரைக் கேட்கவில்லை, நகல் அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவில்லை என்பதுதான் அவர் சொன்னது. இந்த மூன்றையும் கவனியுங்கள். வெளிச்சத்தைப் பற்றி அவருக்குப் புகார் எதுவும் இல்லை.

நடுவர் குழுவில் நான் இதைப் பேசியபோது மூத்தவர் ஒருவர் சொன்னார்: “மேடம், பெயர் தெரியாததால்தான் அந்த முகம் எல்லாருக்கும் பொதுவாகிறது. உங்கள் அகப்பாடலிலும் தலைவிக்குப் பெயர் கிடையாதே?” என் துறையைக் கொண்டே என்னை அடித்தார். பதில் சொல்ல எனக்கு ஒருநாள் ஆயிற்று. அகத்தில் யாரையும் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய மரபுதான். ஆனால் அங்கே தலைவிக்குப் பெயர் இல்லையென்றால் தலைவனுக்கும் இல்லை. தோழிக்கும் இல்லை, பாணனுக்கும் இல்லை. நெடுநல்வாடையில் ஒரு வேலின்மேல் கட்டியிருக்கும் வேம்பு பாண்டியனைச் சுட்டிவிடுகிறது என்பதற்காகவே அந்தப் பாட்டைப் புறம் என்று கொண்டார் நச்சினார்க்கினியர். அத்தனை கறாரான, எல்லோருக்கும் சமமான விதி அது. நம் புகைப்படச் சுவரில் தலைமையாசிரியருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் பெயர் இருக்கிறது. ஆண்களைப் புறத்தில் வைத்துப் பாடிவிட்டு, கிழவிகளை மட்டும் பொதுமை என்ற பெயரில் அநாமதேயமாக்குவதற்குத் தொல்காப்பியரைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

“கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடும்” என்பது அடுத்த வாதம். தயாநிதா சிங்கின் அனுபவம் இதற்குப் பதில். 1989இல் ஒரு லண்டன் பத்திரிகைக்காக டெல்லியில் திருநங்கையரைப் படமெடுக்கப் போனார். மோனா அகமது என்பவர் முதலில் சம்மதித்தார். படங்கள் லண்டனில் வரும் என்று தெரிந்ததும், அங்கே உறவினர்கள் இருக்கிறார்கள், ஃபிலிமைக் கொடுத்துவிடு என்றார். தயாநிதா கொடுத்துவிட்டார். அன்றைய நல்ல படங்கள் எல்லாம் போயின. ஆனால் அங்கிருந்து பல ஆண்டு நட்பு தொடங்கியது. 2001இல் ‘மைசெல்ஃப் மோனா அகமது’ என்ற புத்தகம் வந்தது. தலைப்பிலேயே அவர் பெயர். உள்ளே அவர் மின்னஞ்சல்களாகச் சொன்ன அவருடைய சொற்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒளி குறைந்துவிட்டதா, இயல்பு போய்விட்டதா? மோனா கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் படங்களில் இருளும் தோலும் துணியும் அத்தனை செறிவாக இருக்கின்றன. ஒரு வித்தியாசம்தான்: அந்த முகத்தைப் பார்த்து இது துன்பம், இது காலம் என்று நாம் இஷ்டத்துக்குத் தலைப்பு வைக்க முடியாது. அவர் ஏற்கெனவே பேசிவிட்டார்.

எனவே போட்டி விண்ணப்பத்தில் மூன்று கேள்விகள் சேர்க்கச் சொன்னேன். படத்தில் இருப்பவர் பெயர் என்ன, அல்லது பெயர் வேண்டாம் என்று அவரே சொன்னாரா? படத்தை அவருக்குக் காட்டினீர்களா? நகல் கொடுத்தீர்களா? “கலையில் சட்டம் போடாதீர்கள்” என்றார்கள். படத்தின் அளவு இவ்வளவு, கோப்பு இத்தனை எம்பி, வண்ணம் கூடாது என்று ஏற்கெனவே ஒரு பக்கத்துக்குச் சட்டம் இருந்தது. எதிரே இருப்பவளைப் பற்றி மட்டும்தான் சட்டம் இல்லை. கடைசியில் சேர்த்தார்கள், ‘கட்டாயமில்லை’ என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பை எடுக்கும்வரை இனி அங்கே நடுவராக உட்கார மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பரிசு வாங்கிய மாணவனைக் குற்றவாளி ஆக்குவது என் நோக்கமில்லை. நாங்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் அவன் செய்தான். பெருக்கும் அக்கா வழிகாட்ட, அவனும் நானும் அந்தத் தெருமுனைக்குப் போனோம். படத்தைப் பெரிய அளவில் போட்டு எடுத்துப் போயிருந்தோம். அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஏன்யா கறுப்பா எடுத்திருக்க? மக வாங்கிக் குடுத்த சேலை, கிளிப்பச்சை. ஒண்ணும் தெரியலையே.” மாணவன் தலையைக் குனிந்துகொண்டான். “கலர்லயும் இருக்கு பாட்டி, கொண்டுவந்து தர்றேன்” என்றான். எங்களுக்கு இருட்டுப் பின்னணியில் கரைந்துபோன அழகிய கறுப்பு, அவருக்கு மகள் வாங்கித் தந்த பச்சை.

பெயர் கேட்டேன். சொன்னார். கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டேன். “அதெல்லாம் வேணாம்மா, எவனாவது எதாவது சொல்வான்” என்றார். ஆகவே எழுதவில்லை. இந்தக் கட்டுரையில் அவருக்குப் பெயர் இல்லாததும் போட்டியில் பெயர் இல்லாததும் ஒன்றல்ல. இது அவர் எடுத்த முடிவு. ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பற்றிப் பேச்செடுத்தேன். “போகணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு கட்டு அரைக்கீரையை எடுத்து நீட்டினார். காசு வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது மறுபடி படத்தை எடுத்து வெயிலுக்குத் திருப்பிப் பிடித்தார். இடது மூக்கின் மேல் விரலை வைத்தார். “மூக்குத்தி மட்டும் நல்லா விழுந்திருக்கு, பாரு. வெள்ளைக்கல்லு. சீட்டுப் போட்டு எடுத்தது.”

குனிந்து பார்த்தேன். காலை வெயில் முதலில் தொட்ட இடம் அதுதான். படத்திலேயே மிகப் பிரகாசமான புள்ளி. மூன்று நடுவர்கள் அரைமணிநேரம் அந்த முகத்தின் ஒளியைப் பற்றிப் பேசியிருக்கிறோம். மதிப்பீட்டுத் தாளில் மூக்குத்தி என்ற சொல்லே இல்லை.